ஒருமுறைதான் கேட்பார்கள்

நாங்கள் ரஷ்யாவின் கசான் நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மைனஸ் இருபது பாகைக் குளிரில், நான் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தேன். எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் குடியிருக்கும் பெண் ஒருத்தி காரை என் அருகே நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கி, "சந்தைப் பக்கம் போகிறேன், ஏறுகிறீர்களா?" என்றாள். நானும் சந்தைக்குத்தான் புறப்பட்டிருந்தேன். காலில் இரண்டு சோடி காலுறை போட்டும் விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சில் கையை வைத்து, தலையைச் சாய்த்து, அழகாகச் சிரித்து, "இல்லை, இல்லை, பரவாயில்லை" என்றேன். அவள் "சரி" என்றாள். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. மூலை திரும்பும்வரை அதன் பின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வருவாள் என்று மெய்யாகவே நம்பினேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பீர்கள். இலங்கையில் எங்கள் கல்முனைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதும் ஓம் என்று சொல்கிற பிள்ளை வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை. சாய்ந்தமருதில் சாச்சி வீட்டுக்குப் போவோம். உம்மாவின் தங்கச்சி அவர். வட்டிலாப்பத் தட்டோடு வருவார். "வேணாம் சாச்சி, இப்பதான் தின்னுட்டு வாறம்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். "அது உங்கட வீட்டுல தின்ன, இது இஞ்ச" என்பார். "மெய்தான் சாச்சி, வகுறு நிறைஞ்சி இரிக்கி" என்போம். மூன்றாம் தடவை சாச்சி கோபிப்பார். "அப்ப நான் செஞ்சது குப்பைக்கா?" என்று கேட்டதும், மனமில்லாதவர்கள் போலக் கையை நீட்டுவோம். நான் ஏழு வயதில் முதல் தடவையிலேயே தட்டைப் பிடித்துவிட்டேன். உம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு வீடு வந்து சேரும்வரை எரிந்தது. வேண்டாம் என்பது எங்களுக்குப் பதில் அல்ல, அது பேச்சின் தொடக்கம்.

கசானும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். தாத்தார் இனத்தவர்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தால், தொப்பியின் அமைப்பைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த ரோஸா அபா (அபா என்றால் அங்கே அக்கா, எங்கள் ராத்தா மாதிரி) தன் சமையலறையில் என்னை உட்கார வைத்தால், கெஞ்சிக் கேட்டு, வற்புறுத்தி, கடைசியில் தன் கையாலேயே என் கோப்பையை நிரப்பிவிடுவார். அதனால் நான் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிட்டேன். இங்கும் எங்கள் சட்டம்தான் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசைச் சட்டம் சாப்பாட்டு மேசையோடு முடிந்துவிடும் என்பதைச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. காரில் போன பெண்ணைக் குணக்கேடு பிடித்தவள் என்று வைத்துக்கொண்டேன்.

என் கணவர் றமீஸ் இங்கேதான் ஆறு வருடம் மருத்துவம் படித்தவர். மேற்படிப்புக்குத் திரும்பி வரும்போது என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரில் நான் எட்டு வருடம் தமிழ் படிப்பித்த ஆசிரியை. தெருவில் இறங்கினால் "மிஸ்" என்று கூப்பிடாத வீடு இல்லை. இங்கே வந்ததும் ஊமையாகிப்போனேன். கடையில், வைத்தியசாலையில், விசாக் கந்தோரில், எல்லா இடத்திலும் அவர் கதைப்பார், நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன். "டொக்டர்ட வைஃப்" என்பது என் பெயராகிவிட்டது. அந்தக் கோபத்தில்தான் ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கினேன். இரண்டு வருடத்தில் அடிப்படை வகுப்பு, நடு வகுப்பு எல்லாம் முடித்து, உயர்நிலை மொழியும் இலக்கியமும் என்ற ஒருவருட வகுப்பில் சேர்ந்தேன்.

அந்த வகுப்புக்கு ஒரு பரிசும் இருந்தது. எங்கள் கரையோர ஊர்களிலிருந்து ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் மருத்துவம் படிக்க இங்கே வருகிறார்கள். வந்து இறங்கும் அன்று அவர்களுக்கு ரஷ்ய மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. அவர்களுக்கு முதல் ஆறு மாதம் மொழி படிப்பிக்க, தமிழும் ரஷ்ய மொழியும் தெரிந்த ஒருவர் தேவை என்று பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொறுப்பானவர் சொன்னார். உயர்நிலை வகுப்பில் நாலு எடுத்துக்கொண்டு வந்தால் செப்டெம்பரில் அந்த வகுப்பு எனக்கு. மூன்று என்றால் இல்லை. மறுபடியும் நான் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதும் நிற்காததும் அந்த ஓர் இலக்கத்தில் இருந்தது.

நாலு என்றால் எத்தனைக்கு நாலு என்று நீங்களும் கேட்பீர்கள், என் உம்மாவும் கேட்டார். இங்கே புள்ளி ஐந்து வரைக்கும்தான். ஐந்து மிகநன்று, நாலு நன்று, மூன்று பரவாயில்லை, இரண்டு வீட்டுக்குப் போ. ஒன்று என்ற புள்ளி பேருக்கு இருக்கிறது, அதை ஒருவருக்கும் போடுவதில்லை. என் முதல் கட்டுரைக்கு நாலும், அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கழித்தல் கோடும் வந்தபோது, வாட்ஸ்அப்பில் உம்மாவிடம் சொன்னேன்.

"நூத்துக்கு நாலா மகள்?"

"இல்ல உம்மா, அஞ்சிக்கு நாலு."

"அப்ப எம்பது எண்டு சொல்லன்கா. மனிசரப் பயப்பிடுத்துற."

எங்கள் ஆசிரியை கலீனா செர்கேயெவ்னா. அறுபது வயதிருக்கும். கட்டையான நரைமுடி, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, வெயிலிலும் கழற்றாத பச்சைக் கம்பளிச் சட்டை. முதல் நாளே எங்கள் பதினொரு பேருக்கும் ஒரு தாள் தந்தார். வருடத்துக்குப் பன்னிரண்டு படைப்புகள். ஒவ்வொன்றுக்கும் கையால் எழுதிய வாசிப்புக் குறிப்பேடு. இரண்டு நீண்ட கட்டுரைகள். தாளைப் பார்க்காமல் பத்து நிமிடப் பேச்சு. மனப்பாடமாக ஒரு கவிதை. கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. தாளில் கவிதை என்று வாசித்ததும் எனக்கு உயிர் வந்தது. குர்ஆன் மத்ரஸாவில் பழகிய வாய் இது. எல்லோரும் எட்டு வரி சொல்லித் தடுமாறியபோது நான் நாற்பது வரியை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். வகுப்பே கைதட்டியது. கலீனா செர்கேயெவ்னாவும் தட்டினார். தட்டி முடித்துவிட்டு, "அருமை. இப்போது இதில் உங்களுக்குப் பிடிக்காத வரி எது, ஏன்?" என்று கேட்டார். பிடிக்காத வரியா? பாடப்புத்தகத்தில் இருக்கும் கவிதையில் பிடிக்காத வரி இருக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவருக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. யார் எதைச் சொன்னாலும் முதலில் "உரையில் எங்கே?" என்பார். அதாவது, கதையில் எந்த வரியை வைத்து இதைச் சொல்கிறாய் என்று. வரியைக் காட்டிவிட்டால் அடுத்த கேள்வி, "நீங்கள் எங்கே?" என் முதல் கட்டுரையின் கீழேயும் அதைத்தான் எழுதியிருந்தார். "சுத்தமான எழுத்து. என் விரிவுரையை அப்படியே கண்டேன். நீங்கள் எங்கே?" ஊரில் என் மாணவர்களுக்கு நான் எழுதிய வரிக்கு நேர்மாறு இது. பாடத்தில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி நான் குறிப்புக் கொடுத்திருந்தேன், பொறுமையின் சிகரம் என்று. நிஸ்ரினா என்ற பிள்ளையோ விடைத்தாளில், "இவள் பொறுமைசாலி இல்லை, பயந்தவள்" என்று எழுதியிருந்தாள். நான் பத்துக்கு நாலு போட்டு, "குறிப்பைப் பார்க்கவும்" என்று சிவப்பில் எழுதினேன். கசானில் என் கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது அந்தப் பிள்ளையின் சுருண்ட எழுத்துத்தான் கண்ணுக்குள் வந்தது.

அந்தக் கழித்தல் கோடு வாங்கித்தந்த கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சிறுகதை ஒன்று. ஓர் ஏழைப் பள்ளிக்கூட வாத்தியார், வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்க, பனியில் பத்து மைல் நடந்து பழைய சினேகிதனின் பெரிய வீட்டுக்குப் போகிறார். மேசையில் சூடான மீன் ரொட்டி இருக்கிறது. வீட்டுக்காரி, "சாப்பிடுகிறீர்களா?" என்கிறாள். காலையிலிருந்து ஒன்றும் தின்னாத மனிதர், "நன்றி, சாப்பிட்டுவிட்டேன்" என்கிறார். ரொட்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடிதத்தையும் கேட்காமலே அவர் திரும்பி நடக்கிறார். அவ்வளவுதான் கதை. வகுப்பில் எல்லோரும் "பெருமை" என்றார்கள். வறுமையிலும் வளையாத பெருமை அவரைத் தின்றுவிட்டது என்று கலீனா செர்கேயெவ்னாவும் விளக்கினார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. பாவம், அந்த மனிதருக்கு என்ன பெருமை? ஆனால் ஆசிரியர் சொல்லி முடித்த பிறகு மறுத்துக் கதைப்பது எங்கள் ஊரில் படித்த பிள்ளைக்கு அழகல்ல. "ஃபஸ்மியா, உங்களுக்கு வேறு அபிப்பிராயம் உண்டா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சிரித்து, இல்லை என்று தலையாட்டினேன். அவர் அடுத்தவரிடம் போய்விட்டார். நானும் வீட்டுக்கு வந்து பெருமையைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினேன்.

மே மாதம் கடைசி வகுப்பு. வொல்கா நதியில் பனி உருகி, கப்பல்கள் ஓடத் தொடங்கியிருந்தன. எல்லோரும் கம்பளிகளைக் கழற்றிவிட்டு மனிதர்கள் போல இருந்தோம், கலீனா செர்கேயெவ்னாவைத் தவிர. இந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. வருடம் முழுக்க ஒழுங்காக வேலை செய்த மாணவருக்குப் பரீட்சை இல்லாமலே புள்ளி போட்டுவிடலாம். அதற்கு "அவ்தமாத்" என்று பெயர். தானாக விழுகிற புள்ளி. அன்று அவர் கையில் பட்டியலோடு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"ஃபஸ்மியா, உங்களுக்கு நான் நாலு போடத் தயார். சம்மதமா?"

நாலு! செப்டெம்பர் வகுப்பு, கரும்பலகை, எங்கள் ஊர்ப் பிள்ளைகள், எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து என் காலடியில் நின்றன. என் மனம் துள்ளியது. ஆனால் ஏழு வயதில் வாங்கிய கிள்ளு உடம்புக்கு மறக்கவில்லை: நெஞ்சில் கை போனது, தலை சாய்ந்தது, சிரிப்பு வந்தது. "ஐயோ, வேண்டாம், வேண்டாம். எனக்கு எதற்கு?" என்றேன்.

கலீனா செர்கேயெவ்னா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். ஒரு விநாடி. எனக்குள் சாச்சியின் குரலை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை எடுத்து என் பெயருக்கு நேராக ஒரு கோடு கீறினார்.

"பாருங்கள்," என்றார் வகுப்பைப் பார்த்து. "நாலு போதாது என்கிறார். ஐந்துக்குப் போராட வருகிறார். இப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும்."

வகுப்பு கைதட்டியது. நான் நின்றபடியே நன்றி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? பக்கத்தில் இருந்த லான், வியட்நாம் பிள்ளை, என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உனக்குப் பைத்தியமா? மறுத்தால் மறுத்ததுதான். இனிப் பரீட்சையில் என்ன கிடைக்கிறதோ அதுதான். அவரிடம் போன வருடம் பாதிப் பேருக்கு மூன்று" என்று காதுக்குள் சொன்னாள். அப்போதே எழும்பி, "இல்லை, எனக்கு நாலு வேண்டும்" என்று கேட்டிருக்கலாம்தானே என்பீர்கள். கைதட்டு வாங்கிய பிறகு எப்படிக் கேட்பது? வேண்டாம் என்று சொன்ன வட்டிலாப்பத்தைச் சமையலறைக்குள் போய்க் கேட்பது போல அது. செத்தாலும் கேட்கமாட்டேன்.

வீட்டில் சொன்னேன். றமீஸ் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"சிரிக்காதீங்க மச்சான். எனக்கு ஈரக்குலை நடுங்குது."

"இல்ல புள்ள, நீ அவகிட்ட போய் மெய்யச் சொல்லு. எங்கட ஊருல இப்பிடித்தான் எண்டு."

"வெக்கமா இரிக்கி."

"அப்ப அஞ்சி எடு."

சொல்வது இலகு. உம்மாவிடம் சொன்னேன். உம்மா முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு வந்த கோபம் என்மேல் அல்ல.

"ரெண்டாந்தரம் கேக்கல்லயா அவ?"

"இல்ல உம்மா."

"என்ன மனிசிகா அவ! படிச்ச மனிசியெண்டு வேற சொல்லுற."

பிறகு பத்து நாள் நான் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தினேன். பன்னிரண்டு படைப்புகளையும் மறுபடி வாசித்தேன். ரோஸா அபா சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். விளக்கங்களையெல்லாம் பாடமாக்கினேன். ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் "நீங்கள் எங்கே?" என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. பாடமாக்கியதில் நான் எங்கும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

பரீட்சை அன்று லான் என்னிடம் ஐந்து ரூபிள் நாணயம் ஒன்றைத் தந்து, சப்பாத்துக்குள் இடது குதிக்காலுக்குக் கீழே வைக்கச் சொன்னாள். இங்கே எல்லா மாணவர்களும் அப்படித்தான் செய்வார்களாம், ஐந்து கிடைக்கும் என்று. வைத்தேன். நொண்டிக்கொண்டு நடந்தேன். மேசையில் சின்னச் சின்னத் தாள்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "பிலேத்" என்பார்கள். ஒன்றை எடுத்தால் அதில் இருக்கும் இரண்டு கேள்விக்கும் நாற்பது நிமிடம் யோசித்துவிட்டு, ஆசிரியருக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். இடது கையால் எடு, அதுதான் இராசி என்றும் லான் சொல்லியிருந்தாள். நாணயம் வரைக்கும் போன நான் இடது கைக்குப் போகவில்லை. பிஸ்மி சொல்லி வலது கையாலேயே எடுத்தேன்.

முதல் கேள்வி கதைசொல்லிகளின் வகைகள் பற்றியது. அது பாடம். இரண்டாவது கேள்வி இப்படி இருந்தது: "நாம் வாசித்த படைப்புகளில் உங்கள் விருப்பப்படி ஒன்றை எடுத்து, ஒரு சிறிய செயல் கதை முழுவதையும் தீர்மானிக்கும் இடத்தை விளக்குக." பாதுகாப்பான ஒரு நாவலை எடுத்து, பாடமாக்கியதை எழுதத் தொடங்கினேன். அரைப் பக்கம் எழுதியிருப்பேன். ஒரு சிறிய செயல், ஒரு சிறிய செயல் என்று மனம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்றதைவிடச் சிறிய செயல் உலகத்தில் என்ன இருக்கிறது? அந்த வாத்தியாரும் நானும் ஒரே காரியத்தைத்தானே செய்திருக்கிறோம்! எழுதிய தாளை மடித்துக் கீழே வைத்தேன். புதுத் தாளில் மீன் ரொட்டி என்று எழுதினேன்.

ஆசிரியைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் கேள்விக்குக் கடகடவென்று பதில் சொன்னேன். இரண்டாவதுக்கு முன் தண்ணீர் குடித்தேன்.

"அந்த வாத்தியார் பெருமைக்காரர் அல்ல" என்றேன்.

கலீனா செர்கேயெவ்னாவின் புருவம் உயர்ந்தது. "முப்பது வருடமாக நான் அப்படித்தான் படிப்பிக்கிறேன். உரையில் எங்கே?"

"வேண்டாம் என்று சொன்ன பிறகு அவர் எழும்பவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார். கடிகாரம் அடிக்கும்வரை இருந்தார் என்று எழுதியிருக்கிறது. பெருமைக்காரர் என்றால் எழும்பிப் போயிருப்பார். இவர் ரொட்டியைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரியின் கைகளைப் பார்க்கிறார். அவர் காத்திருக்கிறார்."

"எதற்கு?"

"இரண்டாம் முறை கேட்பாள் என்று."

அவர் புத்தகத்தை இழுத்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்து வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டு மறுபடி வாசித்தார். எனக்குக் குதிக்காலில் நாணயம் குத்தியது.

"இருக்கட்டும்," என்றார். "ஆனால் எங்கள் பழைய வீடுகளிலும் விருந்தாளியை மூன்று தடவை கேட்பார்கள். என் பாட்டன் வீட்டில் கேட்டதை நான் கண்டிருக்கிறேன். அந்த வீட்டுக்காரிக்கும் அது தெரியும். பிறகு ஏன் அவள் கேட்கவில்லை?"

இது நான் பாடமாக்கியதில் இல்லாத கேள்வி. அந்த இடத்தில், அந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான் யோசித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பரீட்சையில் யோசித்தேன் என்று சொன்னால் என் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள்.

"தெரிந்ததால்தான் கேட்கவில்லை" என்றேன். "கேட்டால் அவர் சாப்பிடுவார். சாப்பிட்டால் கடிதத்தையும் கேட்பார். கதையைத் தீர்மானிக்கும் சிறிய செயல் அவர் மறுத்தது அல்ல. அவள் கேட்காமல் விட்டது."

பின் வரிசையில் எழுதிக்கொண்டிருந்தவர்களின் பேனாச் சத்தம் நின்றுவிட்டது. கலீனா செர்கேயெவ்னா புத்தகத்தை மூடினார்.

"இதை ஏன் ஒக்டோபரில் சொல்லவில்லை? வேறு அபிப்பிராயம் உண்டா என்று கேட்டேனே."

"ஒருமுறைதான் கேட்டீர்கள்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னதே எனக்குக் கேட்டது. அவர் கண்கள் மெல்லச் சுருங்கின. கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சாய்த்து, மே மாதம் நான் செய்ததை அப்படியே செய்து காட்டினார். "அப்படியானால் அன்றைக்கும்...?"

"அன்றைக்கும்தான்."

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கம்பளிச் சட்டை குலுங்க, கண்ணாடி சங்கிலியில் ஆட, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்கு என்று தெரியாமலே பின்வரிசையும் சிரித்தது. "ஐயோ, நான் அல்லவா ரொட்டியை எடுத்துக்கொண்டு போனவள்!" என்றார். சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்து, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"நீங்கள் சொன்னதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்சம் பெருமையும் அந்த மனிதரிடம் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நீங்கள் இங்கே இருந்தீர்கள். ஐந்து போடுகிறேன். சம்மதமா?"

கை நெஞ்சுக்குப் புறப்பட்டுவிட்டது. நான் அதை மேசையில் வைத்து அழுத்திப் பிடித்தேன்.

"சம்மதம்!" என்றேன். தாழ்வாரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வந்து சப்பாத்தைக் கழற்றி நாணயத்தை லானிடம் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்தான். பிறகு அங்கேயே இருந்து கைபேசியில் நிஸ்ரினாவைத் தேடிப்பிடித்து, "அந்தப் பெண் பயந்தவள் என்று நீ எழுதியது சரி. உனக்குப் பத்துக்கு ஒன்பது" என்று செய்தி அனுப்பினேன். அவள் இப்போது ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். "எந்தப் பொம்பளய சொல்றீங்க மிஸ்? சுகமா இரிக்கீங்களா?" என்று பதில் வந்தது.

செப்டெம்பர் வகுப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. நியமனக் கடிதம் வந்த வாரத்தில் கலீனா செர்கேயெவ்னா எங்கள் இருவரையும் நகருக்கு வெளியே உள்ள தன் தோட்ட வீட்டுக்கு அழைத்தார். மின்சார ரயிலில் ஒரு மணித்தியாலம். போகும் வழியில் றமீஸ் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். "ஒருதரம்தான் கேப்பாங்க. ஓம் எண்டு சொல்லு. வெக்கப்படாத." நான் வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். இதைக் கேள்விப்பட்ட உம்மா, "முதல் தரத்திலயே ஓம் எண்டு சொல்லுவியா? என்ட வளர்ப்ப அங்க என்ன நினைப்பாங்க?" என்று அங்கலாய்த்தார்.

ஆப்பிள் மரத்துக்குக் கீழே மேசை போட்டிருந்தார். நடுவில் ஸ்ட்ரோபெரி வைத்துச் சுட்ட பெரிய வட்டமான இனிப்பு ரொட்டி. பச்சைக் கம்பளிச் சட்டையை அன்றுதான் முதன்முதலாகக் கழற்றியிருந்தார். கத்தியை எடுத்து என்னைப் பார்த்தார்.

"ஒரு துண்டு வைக்கட்டுமா?"

"ஓம், வையுங்கள்" என்றேன். பளிச்சென்று, ரஷ்யக்காரி மாதிரி. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு துண்டை வெட்டி வைத்தார். கத்தி நிற்கவில்லை. "இல்லை, வெட்கப்படாதீர்கள், மெய்யாகவே சாப்பிடுங்கள்" என்று இன்னொரு துண்டை வைத்தார். "நான் சொல்லிவிட்டேனே, ஓம் என்று" என்றேன். அவர் கேட்கவே இல்லை. அவரும் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. முகம் சிவக்க, சாச்சியின் கோபத்தை எங்கேயோ கடன் வாங்கிக்கொண்டு வந்தவர் போல, "அப்படியானால் நான் சுட்டது யாருக்கு?" என்று மூன்றாவது துண்டையும் வைத்தார். றமீஸ் மேசையில் முகத்தை வைத்துச் சிரித்தார்.

மூன்று துண்டையும் தின்று முடித்தேன். ஓகஸ்டில் ஊருக்குப் போகிறோம். சாச்சி வட்டிலாப்பத் தட்டோடு வருவார். அப்போது என் கை நெஞ்சுக்குப் போகுமா, தட்டுக்குப் போகுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. அதை யோசித்துக்கொண்டு வெறும் தட்டோடு இருந்தேன். கலீனா செர்கேயெவ்னா கத்தியை மறுபடி தூக்கி, "இன்னும் கொஞ்சம்?" என்றார்.

"வேண்டாம்" என்றேன். இந்த முறை மெய்யாகவே வேண்டாம். ஆனால் அந்தத் தோட்டத்தில் அதை நம்புவதற்கு ஒருவரும் இருக்கவில்லை.